வாளின் கிண்ணத்தில் ஒரு பூச்சு

பிரேமலா வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் கார் நின்றதே இல்லை. மலேசியாவில், ஜொகூரின் கெலாங் பாத்தாவில் ஒரு வரிசை வீடு. முன்பக்கத்து இரும்புக் கதவைத் திறந்தால் இரண்டு மேசைகள் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக் கிடக்கும். சுவர்ப் பக்கத்து மேசை கணவர் ஐயாசாமிக்கு. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். ஷிப்ட் இல்லாத நாட்களில் காவடி செய்பவர். தைப்பூசம் நெருங்கினால் ஜொகூர் பாருவிலிருந்தும் கூலாயிலிருந்தும் ஆட்கள் வந்து அவரிடம் காவடி வாடகைக்கு எடுப்பார்கள். கதவுப் பக்கத்து மேசை பிரேமலாவுக்கு. அதில் ஒரு சோல்டரிங் இரும்பு, வட்ட விளக்கு வைத்த பூதக்கண்ணாடி, மின்னோட்டம் பார்க்கும் மீட்டர். போன ஆண்டிலிருந்து வாள்களும் சேர்ந்துகொண்டன.

மேசைகளை அப்படிப் போட்டதற்குக் காரணம் வெளிச்சம்தான். இருந்தாலும், ஒரே கூரையின் கீழ் இருவர் பல ஆண்டுகள் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வேலை செய்தால், மற்றவர் என்ன செய்கிறார் என்பது தெரிந்ததைப் போலவே இருக்கும். தெரியாது என்பது தெரிய வருவதற்குத் தனியாக ஒரு நாள் வர வேண்டும்.

பிரேமலா சிங்கப்பூரில் காது கேட்கும் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தவர். விடியுமுன்னே கம்பெனி பஸ்; இரண்டாவது பாலத்தைத் தாண்டும்போது தூங்கிக்கொண்டிருப்பார். சோதனையில் தோற்ற மின்சுற்றுப் பலகைகள் அவரிடம் வரும். எந்தப் பற்றவைப்பு விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவது அவர் வேலை. ஐம்பது வயதை நெருங்கியபோது கம்பெனி அந்தப் பிரிவை வேறு நாட்டுக்குக் கொண்டுபோனது. ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதன் பிறகு உறவுக்காரர்கள் விசிறியும் ரைஸ் குக்கரும் கொண்டுவந்தார்கள். பிரேமலா பழுது பார்த்துக் கொடுத்தார். ஆனால் அதை வேலை என்று அவர் நினைக்கவில்லை. ரைஸ் குக்கர் கெடுவதற்கு ஒரே காரணம்தான் இருக்கும், இரண்டாவது காரணம் இருந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்பார். கையில் இருக்கும் நுணுக்கத்தை யாரும் கேட்காமல் போவது ஒரு வகைப் பட்டினி. அதை யாரிடமும் சொல்ல முடியாது; சொன்னால் ஓய்வாக இருக்கக் கொடுத்துவைக்க வேண்டாமா என்பார்கள்.

வாள்கள் வந்தது மருந்துக்கடை வழியாக. பிரேமலா ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் கடையில் மருந்தாளராக இருப்பவர் ஷாந்தினி. மாநிலத்துக்காக வாள்வீச்சு ஆடியவர். இப்போது கடைவீட்டு மாடியொன்றில் வாள்வீச்சு கிளப் நடத்துகிறார். ஒரு நாள் மாத்திரையை நீட்டிய அவர் விரல்களில் மூன்றுக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"என்னம்மா, சமையலா?"

"சோல்டரிங் அக்கா. வாள்ல வயர் ஒட்டினேன்."

ஷாந்தினி கைப்பேசியில் படத்தைக் காட்டினார். பிரேமலா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"யாரு, நீங்களா ஒட்டினது? வீட்டுல பூனை கீனை வளர்க்கலையே?"

கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷாந்தினிக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நீளப் பெட்டியைக் காரில் ஏற்றி வந்து கதவுப் பக்கத்து மேசையருகில் இறக்கினார்.

எங்கோ மூடிப்போன ஒரு கிளப்பின் பெட்டி அது. உள்ளே எப்பே எனப்படும் கனத்த வகை வாள்கள், எல்லாம் துருவேறிக் கிடந்தன. கிளப்பில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் சொந்தமாக மின்வாள் வைத்திருந்தார்கள். அடுக்குமாடிப் பக்கமிருந்து வரும் ஆறு பிள்ளைகளிடம் எதுவும் இல்லை. கிளப்பின் வயரில்லாத வாள்களால் பழகி, நடுவரின் கண் சொன்ன புள்ளிக்கு ஆடியவர்கள். அந்த ஆண்டிலிருந்து மாநிலப் போட்டியில் எல்லாப் பிரிவிலும் விளக்குப் பெட்டிதான் புள்ளி சொல்லும் என்று முடிவாகியிருந்தது. மின்வாள் இல்லாதவர்கள் ஓராண்டு பொறுக்கட்டும் என்றது கிளப் நிர்வாகக் குழு. அந்த ஆறு பேரில் மூத்தவள் ரூபினி. ஐந்தாம் படிவம், பள்ளியின் கடைசி ஆண்டு. அவளுக்கு அடுத்த ஆண்டு என்று ஒன்று கிடையாது, வயது தாண்டிவிடும். மாநில அணிக்கு ஆள் எடுப்பது தனிநபர் ஆட்டத்தில்தான். அதில் ஒரு முறையாவது ஆடிவிட வேண்டும் என்பதே அவள் எண்ணம்.

"ஆறு பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ரெண்டு வாள் நான் தயார் பண்ணித் தர்றேன்னு உங்க கமிட்டிகிட்ட சொல்லிடுங்க," என்றார் பிரேமலா.

"யோசிச்சுச் சொல்லுங்க அக்கா. ரெண்டுல ஒன்னு ஃபெயில் ஆனாலும் அந்தப் பிள்ளை ஆட முடியாது. அப்புறம் கமிட்டி என் பேச்சையும் கேட்காது, உங்க பேச்சையும் கேட்காது."

"யோசிச்சுத்தான் சொல்றேன்."

மின்வாளின் கணக்கு எளிமையானது. அலகின் நெடுகிலும் ஒரு மெல்லிய பள்ளம். அதில் தலைமுடி போன்ற இரண்டு வயர்கள். நுனியில் ஒரு குட்டிப் பொத்தான். எதிராளியின் உடம்பில் எங்கே குத்தினாலும் பொத்தான் அமுங்கி விளக்கு எரியும். கையை மறைக்கும் உலோகக் கிண்ணத்தில் பட்டால் மட்டும் எரியக் கூடாது; அது உடம்பு இல்லை, வெறும் இரும்பு. அது இரும்பு என்பதைப் பெட்டி எப்படித் தெரிந்துகொள்கிறது என்றால், கிண்ணத்தின் வழியாகவும் மின்னோட்டம் போகிறது. கிண்ணம் மின்சாரத்துக்கு வழிவிட்டால்தான் அதன்மேல் பட்ட குத்து கணக்கிலிருந்து விலக்கப்படும். துருவோ பெயிண்டோ குறுக்கே நின்றால் பெட்டி ஏமாந்துபோய் விளக்கைப் போட்டுவிடும். தன்னைக் காப்பதற்கென்று வைத்த கிண்ணமே எதிராளிக்குப் புள்ளி வாங்கிக் கொடுக்கும்.

பிரேமலாவுக்கு எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை. முதல் அலகில் வயரை நேர்கோடாக, ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டினார். பூதக்கண்ணாடியில் பார்த்து அவரே திருப்திப்பட்ட வேலை. ஷாந்தினி அதைச் சுவரில் ஊன்றி வளைத்ததும் உள்ளே வயர் அறுந்துவிட்டது. தொழிற்சாலைப் பலகை எதுவும் வளைவதில்லை. அதனால் வளையும் பொருளைப் பற்றி அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. பிறகு அலகை வில்லாக வளைத்துக் கயிற்றால் கட்டி, பள்ளம் வெளிப்புறம் பார்க்க வைத்து, அந்த நிலையிலேயே வயரை ஒட்டப் பழகினார். கிண்ணங்களின் துருவையும் பழைய பெயிண்டையும் சுரண்டி எடுத்தார். மாதக்கணக்கில் போனது. கார் நிறுத்துமிடத்தில் வில்கள் சாய்ந்து நின்றன.

ஐயாசாமி ஆரம்பத்தில் கேட்டார்தான். சாப்பிட உட்கார்ந்தபோது, "இந்தக் கத்திச் சண்டைக்கு எதுக்கு வயர்? சினிமாவுல யாரும் பிளக் சொருகிட்டுச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லையே," என்றார். பிரேமலா, நுனி, பொத்தான் என்று தொடங்கினார். "அப்ப கரண்டு போனா சமாதானமா?" என்று அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பிரேமலா ரசத்தை ஊற்றினார். அதன் பிறகு வாள்களைப் பற்றி அந்த வீட்டில் விளக்கம் எதுவும் சொல்லப்படவில்லை.

அவர் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஐயாசாமி உலோகத்தை அறிந்தவர். அவர் அறிந்தது அதன் வெளிப்பக்கத்தை. கடற்காற்றில் எது எத்தனை நாளில் கறுக்கும், பால் பட்ட வேல் எப்படிப் பச்சை பிடிக்கும், வேர்வை பட்ட இடுப்புப் பட்டை எங்கே முதலில் அரிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தைப்பூசம் முடிந்து காவடிகள் திரும்பி வந்ததும் பிரித்துக் கழுவி, புளி போட்டுத் தேய்த்து, காயவைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணாடி போன்ற கிளியர் பூச்சு இரண்டு தடவை அடிப்பார். அதன் பிறகே துணியில் சுற்றி உள்ளே வைப்பார். பூசாத உலோகத்தைப் பார்த்தால் அவருக்குச் சட்டையில்லாத குழந்தையைப் பார்ப்பது போலிருக்கும்.

அந்த ஆண்டு துறைமுகத்தில் ஷிப்ட் அதிகம். காவடிகளைப் பூசி வைக்கும் வேலை மார்ச் மாதம் வரை தள்ளிப்போனது. மாநிலப் போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை அந்த வேலையை அவர் முடித்துக்கொண்டிருந்தார். பிரேமலா மத்தியானமே பன்னிரண்டு வாள்களையும் மீட்டரில் சோதித்து, பொத்தான் சரியாக எழும்புகிறதா என்று நுனிகளை எடைக்கட்டி வைத்துப் பார்த்து, எல்லாம் சரி என்றபின் மேசையில் வரிசையாகக் கிடத்திவிட்டுக் கோயில் பூசைக்குப் போயிருந்தார். ஐயாசாமி திரும்பிப் பார்த்தார். கிண்ணங்கள் சுரண்டல் கோடுகளோடு, மங்கலாக, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கிடந்தன. நாளை நாலு ஊர் ஆட்கள் பார்க்கப் போகிற பொருள். டின்னில் பூச்சு மிச்சம் இருந்தது.

அவர் அரைகுறையாகச் செய்யவில்லை. பழைய நாளிதழைச் சுருட்டி அலகுகளையும் பிடிகளையும் மூடினார். கிண்ணத்தின் உட்புறம் வயர் இருப்பதால் துணியை அடைத்தார். வெளிப்புறத்தை மெல்லிய கம்பித்தூரிகையால் மினுக்கி, பூச்சு அடித்து, காயவிட்டு, மறுபடியும் அடித்தார்.

பிரேமலா திரும்பி வந்தபோது பன்னிரண்டு கிண்ணங்களும் குழல்விளக்கில் பளபளத்தன.

"என்னங்க இது?"

"மினுக்கி வச்சேன். பிள்ளைங்க கையில அழகா இருக்கட்டும்."

பாலிஷ் போட்டிருக்கிறார் என்றுதான் பிரேமலா எடுத்துக்கொண்டார். பல மாதங்களில் ஐயாசாமி அந்த மேசைப் பக்கம் வந்தது அதுவே முதல் முறை. ஒரு நொடி கை மீட்டரை நோக்கிப் போனது. தொழிற்சாலையில் கடைசியாக யார் கை பட்டாலும் மறுபடியும் சோதிக்க வேண்டும்; அது விதி. கை பாதி வழியில் நின்றது. "நல்லா இருக்கு," என்றார். ஐயாசாமி அன்றிரவு இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை காலை காவடி ஏற்றும் வேனில் பத்து பாகாட் நகருக்குப் போனார்கள். பின்னால் ஆறு பிள்ளைகள், வாள் பைகள், மூலையில் சில மயிலிறகுகள். போட்டி ஒரு பள்ளி மண்டபத்தில். காலையில் தனிநபர், மதியத்துக்குப் பிறகு அணி ஆட்டம். வாசலருகே ஆயுதச் சோதனை மேசை. அதில் இருந்தவர் திருச்செல்வம். தொழில்நுட்பக் கல்லூரி விரிவுரையாளர், வார இறுதிகளில் இந்த மேசை. கறார் என்று பெயர். முதல் வாளை வாங்கி நுனியில் எடையை வைத்தார். சரி. வயரைச் சோதித்தார். சரி. கிண்ணத்தில் சோதனைக் கம்பியை வைத்தார். ஒலிக்க வேண்டிய மணி ஒலிக்கவில்லை. இடத்தை மாற்றி வைத்தார். இல்லை. இரண்டாவது வாள், மூன்றாவது வாள்.

"கிண்ணத்துல என்னமோ அடிச்சிருக்கீங்க. கரண்டு பாயல."

பிரேமலா கிண்ணத்தைக் கையில் வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் வழுக்கிக்கொண்டு போனது. அவர் தலையைத் தூக்கியபோது ஐயாசாமி வாசலில் இரண்டு பொட்டலம் தேநீரோடு வந்துகொண்டிருந்தார்.

"அக்கா, யாரு செஞ்சது?" என்றார் ஷாந்தினி.

"என் மேசையில நடந்தது," என்றார் பிரேமலா.

ஐயாசாமி வந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "என்னா?"

திருச்செல்வம் சோதனைக் கம்பியை மறுபடியும் கிண்ணத்தில் வைத்துக் காட்டினார். "மணி அடிக்கணும் அண்ணே. அடிக்கல. மேல பூச்சு இருக்கு."

"நான்தான் அடிச்சேன்," என்றார் ஐயாசாமி. தேநீர்ப் பொட்டலங்கள் அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தன. "துருப் பிடிக்கக் கூடாதுன்னு."

திருச்செல்வம் சோதனைக் கம்பியை மேசையில் வைத்தார்.

"முதல் சுற்று ஆரம்பிக்கிற வரைக்கும் மேசை திறந்திருக்கும். எடுத்துட்டுக் கொண்டாங்க, பார்க்கிறேன். ஆளுக்கு ரெண்டு. அவங்கவங்க பேருல. அதுல நான் ஒன்னும் செய்ய முடியாது."

நடைபாதையில் நாளிதழ் விரித்து உட்கார்ந்தார்கள். ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒரு பிள்ளையின் தாயார் கைப்பையிலிருந்து நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை எடுத்துக் கொடுத்தார். ஷாந்தினி பஞ்சில் நனைத்துத் தேய்த்தார்.

"அதுக்கெல்லாம் போவாதும்மா," என்றார் ஐயாசாமி. "மழையில, பால்ல, வேர்வையில நிக்கணும்னு அடிக்கிறது. தின்னருக்கே அசையாது. நல்ல சாமான்." சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

வேனில் மணல்தாள் இருந்தது, இரண்டு கம்பித்தூரிகையும். எல்லோரும் சுரண்டினார்கள். நேராகத் தேய்த்தால் தாள் மழுங்கியது, பூச்சு அசையவில்லை. ஐயாசாமி ஒரு கிண்ணத்தை வாங்கி, விளிம்பில் சிறிய உளியால் ஒரு செதில் கிளப்பி, அங்கிருந்து உள்ளே தேய்த்துக் காட்டினார். "விளிம்புலதான் கனமா நிக்கும். அங்கேயிருந்து பிரிச்சுக்கிட்டு வா." அவருக்குத்தான் அது தெரியும், பூசியவர் அவர். பிரேமலா பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்த ஒவ்வொரு கிண்ணத்தையும் மீட்டரில் தொட்டுத் தொட்டு, ஒலிக்காத இடத்தில் பேனாவால் புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுத்தார். கிண்ணங்கள் அழகை இழந்துகொண்டே வந்தன. அவலட்சணமான ஒவ்வொன்றும் மேசையில் தேறியது.

ரூபினி தன் முதல் வாளை முடித்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டாள். இரண்டாவதைத் தொடங்கியபோது, பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் தன் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழத் தயாராக இருந்தான். அவள் தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டு அவனுடையதை வாங்கிக்கொண்டாள். அவனுடையது முடிந்ததும் இன்னொருத்தியுடையது.

"உன்னோடது?" என்றார் ஷாந்தினி.

"செஞ்சுடலாம் கோச்."

மண்டபத்தில் பெயர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஐயாசாமி ரூபினியின் இரண்டாவது வாளைத் தானே எடுத்துக்கொண்டார். அவர் கை வேகமானது. இருந்தாலும் காலையிலிருந்து தேய்த்த கை. முடிந்தது என்று நினைத்த நிமிடம் மேசைக்கு ஓடினார். துறைமுகத்துக் காலணியோடு அந்த வயதில் அவர் ஓடுவதைப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை.

திருச்செல்வம் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். திறந்தார். கம்பியை வைத்தார். மணி ஒலித்தது. நடுவில் ஒலித்தது, இடப்பக்கம் ஒலித்தது. விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு ஒலிக்கவில்லை.

"கொஞ்சம்தானே சார்," என்றார் ஐயாசாமி.

"அந்தக் கொஞ்சத்துல குத்து விழுந்தா இந்தப் பிள்ளைக்கு எதிரா லைட் எரியும் அண்ணே. நான் பாஸ் போட்டேன்னா அது நான் செஞ்ச அநியாயம்."

"ரெண்டு நிமிஷம் குடுங்க."

திருச்செல்வம் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். முதல் ஆடுகளத்தில் ஆட்டம் தொடங்கியிருந்தது. அவர் தலையசைத்த விதத்தில் கடுமை இல்லை. அதனால்தான் ஐயாசாமியால் மேற்கொண்டு வாதாட முடியவில்லை.

ஐந்து பிள்ளைகள் ஆடினார்கள். ரூபினி வெள்ளைச் சட்டையோடு சுவரோரம் உட்கார்ந்து, அவர்கள் ஒவ்வொருவரும் இறங்கும்போது பெயர் சொல்லிக் கத்தினாள். பிரேமலா அவளருகில் போய் உட்கார்ந்து, "என்னாலதான்மா," என்றார். ரூபினி, "தெரியும் அண்ட்டி," என்றாள். மறுக்காமல் அவள் அப்படிச் சொன்னது பிரேமலாவுக்கு ஏதோ ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. ஆறுதல் சொல்லப்பட்டிருந்தால் எழுந்து போயிருப்பார்.

நடைபாதையில் ஐயாசாமி இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார். பிரேமலா வந்து எதிரில் உட்கார்ந்தார். வீட்டில் அவர்கள் வேலை நேரத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை.

"விடுங்க. மதியம் டீம் ஆட்டத்துக்குத்தான் திரும்ப மேசை திறப்பாங்க."

"அதுக்குத்தான்."

ஐயாசாமி மணல்தாளை மடித்து மழுங்காத பக்கத்தை எடுத்தார்.

"நீ சொல்லியிருக்கலாம்லா," என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன். சோறு சாப்பிடறப்ப."

"கேட்டீங்க. நான் பாதி சொல்றதுக்குள்ள சிரிச்சிட்டீங்க."

அவர் கிண்ணத்தைத் திருப்பிப் பிடித்தார். "அதுக்குன்னு மீதியச் சொல்லாம விட்டுடறதா?"

பிரேமலாவுக்குப் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லவில்லை, வேறொன்றைச் சொன்னார். "நேத்து ராத்திரி மீட்டர எடுக்கப் போனேன். உங்க முகத்தப் பார்த்தேன். எடுத்து வச்சா உங்களச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடுமேன்னு விட்டுட்டேன். கம்பெனியில இத்தன வருஷம் அப்படி ஒரு நாளும் விட்டதில்ல."

ஒருவர் செய்ததைச் சோதித்துப் பார்ப்பது அவரை அவமதிப்பது என்று நாம் எங்கே கற்றுக்கொண்டோம் என்று தெரியவில்லை. அன்பு இருக்கும் வீட்டில் சோதனைக்கு இடமில்லை என்பது நல்லெண்ணம்தான். அந்த நல்லெண்ணமும் ஒரு பூச்சு. பார்க்க அழகாக இருக்கும். உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது.

"இப்ப சொல்லு," என்றார் ஐயாசாமி. "கிண்ணத்துல பட்டா எதுக்குக் கணக்கில்ல?"

பிரேமலா சொன்னார். முழுவதும் சொன்னார், நுனியிலிருந்து, பொத்தானிலிருந்து, மூன்றாவது வயர் கிண்ணத்துக்குப் போவது வரைக்கும். ஐயாசாமி இந்த முறை சிரிக்கவில்லை. இரண்டு இடத்தில் குறுக்கிட்டுக் கேட்டார். அதில் ஒரு கேள்விக்குப் பிரேமலாவுக்கே பதில் தெரியவில்லை. முடிந்ததும் மீட்டரின் ஒரு கம்பியை அவரிடம் கொடுத்தார். அவர் அதை விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்தினார். அது விடாமல் ஒலித்தது.

மதியம் மேசை திறந்தபோது ரூபினியின் இரண்டு வாள்களும் தேறின. திருச்செல்வம் கிண்ணத்தின் கீறல்களைப் பார்த்தார். நல்ல வேலை என்று சொல்லவில்லை. "சுத்தமா இருக்கு," என்றார்.

பெண்கள் அணியில் மூன்று பேர். கடைசி ஆட்டம் ரூபினிக்கு. எதிரணி சிகாமட் ஊருடையது. இவர்கள் ஏற்கெனவே பின்தங்கியிருந்தார்கள். எதிராளி உயரமான பெண். கையைக் குறிவைத்தே ஆடினாள். ஒவ்வொரு முறையும் நுனி கிண்ணத்தில் மோதி 'ணங்' என்றது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஐயாசாமியின் கண் விளக்குப் பெட்டிக்குப் போய் வந்தது. அது இருட்டாகவே இருந்தது. ரூபினி எட்டிக் குத்திய இடங்களில் மட்டும் பச்சை எரிந்தது. இடைவெளி குறைந்தது, மூடவில்லை. நாலு புள்ளியில் தோற்றார்கள். மாநில அணிக்குத் தேர்வானவர்களின் பெயரை வாசித்தபோது அதில் கிளப்பின் பிள்ளை யாரும் இல்லை. காலையில் ரூபினி ஆடியிருந்தால் அவள் பெயர் இருந்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதே அவளுக்கு மிஞ்சியது.

வேனில் பைகளை ஏற்றும்போது ஷாந்தினி பிரேமலாவிடம் வந்தார். "கமிட்டி கேட்கும் அக்கா. நடந்தத நடந்தபடிதான் சொல்லணும்."

"சொல்லுங்க."

"சொல்லிட்டு, இனிமேலும் உங்ககிட்டத்தான் குடுப்பேன்னும் சொல்லப் போறேன். அவங்க ஒத்துக்கறாங்களா பார்ப்போம்."

"ஒத்துக்கலன்னா?"

"அப்ப நான் ஒட்ட வேண்டியதுதான். பூனை மாதிரி."

பிரேமலா சிரிக்கவில்லை. ஆனால் வாள் பையின் வாரை இழுத்துக் கட்டியபோது அவர் தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ரூபினி கடைசியாக வந்தாள். முகமூடியில் அழுந்திய கோடு நெற்றியில் இருந்தது. வாளை ஐயாசாமியிடம் நீட்டினாள்.

"பொய் லைட் ஒன்னுகூட எரியல அங்கிள்."

"நான் என்னம்மா செஞ்சேன். பூசுனத எடுத்தேன், அவ்வளவுதான்."

"ஆமா. பூசுனதும் நீங்கதான்," என்றாள் அவள், சிரிக்காமல்.

ஐயாசாமி தலையாட்டினார். இருக்கையிலிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உருளைக்கிழங்கு அடைத்த, ஆறிப்போன கறிபாப். ரூபினி சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு வேனின் பின்பக்கம் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி சாப்பிடத் தொடங்கினாள்.